ஷ்டோர்க் முதல் வில்கா வரை: குறுந்தூர விமானங்களின் வடிவமைப்பு மரபும் எஞ்சின்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எந்த விமானங்களைப் பற்றியவை?

1930-களின் நடுப்பகுதி தொடங்கி 1960-களின் இறுதி வரை உருவான, ஒற்றை எஞ்சினும் உடலுக்கு மேலே அமைந்த இறக்கையும் கொண்ட, வயல்வெளியிலும் ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் மிகக் குறைந்த ஓட்டத்தில் எழும்பி இறங்கக்கூடிய சிறு விமானங்களைப் பற்றியவை. ஜெர்மனியின் ஃபீஸ்லர் ஷ்டோர்க், கனடாவின் பீவர், அமெரிக்காவின் ஹீலியோ கூரியர், சோவியத் நாட்டின் யாக்-12, அதன் வழிவந்த போலந்தின் வில்கா ஆகியவை இங்கே முதன்மையானவை. டோர்னியர் டிஓ 27, பிலாட்டஸ் போர்ட்டர் ஆகியவற்றையும் சுருக்கமாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

இவ்விமானங்களைப் பற்றிய எழுத்துகளில் இறக்கைக்குக் கிடைக்கும் இடம் எஞ்சினுக்குக் கிடைப்பதில்லை. அது பெரும்பாலும் தொழில்நுட்பப் பட்டியலின் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் ஒரு விமானம் எப்போது வேறொரு விமானமாக மாறியது என்று பார்த்தால், பெரும்பாலும் எஞ்சின் மாறிய இடத்திலேயே அது நிகழ்ந்திருக்கிறது. பின்வரும் விடைகள் அந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

ஒரு விமானம் குறைந்த தூரத்தில் எழும்ப அடிப்படையில் என்ன வேண்டும்?

தரையை விட்டு எழும் வேகம் குறைவாக இருக்க வேண்டும். அந்த வேகத்தை விரைவாக எட்டும் இழுவிசையும் வேண்டும். ஓட வேண்டிய தூரம் எழும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே முடுக்கம் மாறாமல் இருந்தால், எழும் வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்பங்காகிவிடும். வடிவமைப்பாளர்கள் முதலில் இறக்கையின் மீது கவனம் செலுத்தியதற்கு இதுவே காரணம். எழும் வேகத்தைக் குறைக்க இறக்கையின் பரப்பைக் கூட்டலாம், எடையைக் குறைக்கலாம், அல்லது இறக்கை அதே வேகத்தில் கூடுதல் தூக்குவிசை தரும்படி அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் கருவிகளைப் பொருத்தலாம். முதல் இரண்டு வழிகளுக்கும் எல்லை விரைவில் வந்துவிடுகிறது. மூன்றாவது வழியில்தான் இந்த மரபு தொடங்குகிறது.

முன்விளிம்புப் பட்டை யாருடைய கண்டுபிடிப்பு?

இரண்டு பேருடையது. ஜெர்மானிய விமானி குஸ்தாவ் லாக்மன் 1917-இல் இறக்கை தூக்குவிசையை இழந்ததால் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் இருந்தபோது, இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னே ஒரு சிறு பட்டையை வைத்து ஓர் இடைவெளி விட்டால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரியாது என்ற எண்ணத்தை அடைந்தார். 1918-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, இத்தகைய இடைவெளி தூக்குவிசையைக் கெடுக்கும் என்று கூறி அதை ஏற்க மறுத்தார்கள். பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் காற்றியக்க அறிஞர் லுட்விக் பிராண்டல் செய்த சோதனைகள் லாக்மனின் கருத்தை மெய்ப்பித்தன. இதே காலத்தில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ஹேண்ட்லி பேஜ் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரும் வழக்காடுவதற்குப் பதிலாக உடன்பாடு செய்துகொண்டார்கள். லாக்மன் 1929-இல் ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்திலேயே பணியில் சேர்ந்தார்.

இந்தப் பட்டை இரண்டு வகைப்படும். இறக்கையோடு நிலையாகப் பொருத்தப்பட்டது ஒரு வகை. வேகம் குறையும்போது காற்றழுத்த மாறுதலால் தானாக வெளியே வருவது மற்றொரு வகை. முதலாவது எளிமையானது, பழுதாக வாய்ப்பில்லாதது. ஆனால் வேகமாகப் பறக்கும்போதும் காற்றைத் தடுத்துக்கொண்டே இருக்கும். ஷ்டோர்க்கும் வில்காவும் முதலாவதைத் தேர்ந்தன, ஹீலியோ இரண்டாவதைத் தேர்ந்தது.

ஷ்டோர்க் எப்படி உருவானது?

1935-இல் ஜெர்மானிய விமான அமைச்சகம் படைகளுக்கான தொடர்பு, வேவு, காயமடைந்தோரை ஏற்றிச் செல்லுதல் ஆகிய பணிகளுக்கு ஒரு சிறு விமானத்தைக் கேட்டது. மெஸர்ஷ்மிட் பிஎஃப் 163, ஸீபல் எஸ்ஐ 201 ஆகியவையும் போட்டியில் இருந்தன. காசல் நகரைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஃபீஸ்லரின் நிறுவனம் வென்றது. ஃபீஸ்லர் முதல் உலகப் போரில் சண்டை விமானி. பின்னர் வானில் சாகசப் பறத்தலில் உலகப் பெயர் பெற்றவர். வடிவமைப்பில் ரைன்ஹோல்ட் மேவெஸும் எரிக் பாகெமும் முக்கியப் பங்காற்றினார்கள். முதல் விமானம் 1936-இல் பறந்தது.

அதன் இறக்கையின் நீளம் 14.25 மீட்டர், பரப்பு 26 சதுர மீட்டர். ஏறத்தாழ 1,325 கிலோ எடையுள்ள விமானத்துக்கு அது மிகப் பெரிய இறக்கை. முன்விளிம்பு முழுவதும் நிலையான பட்டை ஓடியது. பின்விளிம்பை இடைவெளியுள்ள ஃபிளாப்களும் (தாழ்ந்து தூக்குவிசையைக் கூட்டும் மடிப்புகள்) எய்லரான்களும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புகள்) பங்கிட்டுக்கொண்டன. உடலிலிருந்து விலகி நிற்கும் நீண்ட சக்கரக்கால்கள் பெரிய அதிர்ச்சியையும் தாங்கும் தணிப்பான்களைக் கொண்டிருந்தன. ஆகவே, விமானி தரைக்கு அருகில் மெல்ல மிதந்து வரத் தேவையில்லாமல், மிகச் சரிவாக இறங்கி அப்படியே தரையில் அமர முடிந்தது. எதிர்க்காற்று இருந்தால் இறங்கிய பின் ஓடும் தூரம் சுமார் 20 மீட்டர்தான். இறக்கைகளைப் பின்னோக்கி மடக்கிச் சாலை வழியாக இழுத்துச் செல்லவும் முடிந்தது.

விலை கொடுக்காமல் இவை கிடைக்கவில்லை. ஷ்டோர்க்கின் உச்ச வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர் மட்டுமே. முன்விளிம்புப் பட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ‘பி’ வகை ஒன்று திட்டமிடப்பட்டது. அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனால் உற்பத்திக்கு வரவில்லை. வேகத்துக்காக எளிமையை இழக்காதது நல்ல முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஷ்டோர்க் பறந்தது என்பது உண்மையா?

பறந்தது. ஆனால் அதை இறக்கையின் சாதனையாக மட்டும் சொல்வது தவறு. 1,325 கிலோ எடையை 26 சதுர மீட்டர் இறக்கை 50 கிலோமீட்டர் வேகத்தில் தாங்க வேண்டுமானால், அதன் தூக்குவிசைக் கெழு (குறிப்பிட்ட பரப்பும் வேகமும் உள்ள இறக்கை எவ்வளவு தூக்குவிசை தருகிறது என்பதைக் காட்டும் எண்) 4-க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். எந்தக் கருவியும் பொருத்தாத சாதாரண இறக்கையின் கெழு 1.5-ஐ ஒட்டி இருக்கும். பட்டையும் நல்ல ஃபிளாப்பும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகலாம். அதற்கு மேல் போவது அக்கால இறக்கைகளுக்கு அரிது. மீதம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினிலிருந்து வருகிறது. மூக்கை உயர்த்தி முழு விசையுடன் மெல்லப் பறக்கும்போது புரொப்பெல்லரின் இழுவிசையில் ஒரு பகுதி நேரடியாக மேல்நோக்கிச் செயல்பட்டு எடையைத் தாங்குகிறது. மேலும், புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று இறக்கையின் நடுப்பகுதி மீது விமானத்தின் வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் பாய்கிறது. அந்தப் பகுதியைப் பொறுத்தவரை விமானம் 50-இல் பறக்கவில்லை, அதைவிட வேகமாகப் பறக்கிறது. வால்பகுதியின் கட்டுப்பாட்டுப் பரப்புகளும் அதே காற்றால்தான் உயிர்பெறுகின்றன. அந்த வேகத்தில் எஞ்சின் நின்றால் விமானம் உடனே மூக்கைத் தாழ்த்தி வேகம் தேட வேண்டியிருக்கும். அதற்குரிய உயரம் கீழே இல்லாவிட்டால் ஆபத்துதான். விளம்பரத் தாள்களில் காணும் மிகக் குறைந்த வேகங்களை எல்லாம், எஞ்சின் இயங்கும்போது கிடைத்தவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஷ்டோர்க்கின் ஆர்கஸ் எஞ்சின் எப்படிப்பட்டது?

பெர்லினைச் சேர்ந்த ஆர்கஸ் நிறுவனத்தின் ஏஎஸ் 10சி, காற்றால் குளிர்விக்கப்படும் எட்டு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும் ‘வி’ வடிவில் அமைந்தவை. மொத்தக் கொள்ளளவு 12.67 லிட்டர், நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளில் 240 குதிரைத்திறன். இன்றைய அளவுகோலில் இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இது குறைந்த திறன்தான். ஆனால் 2,000 சுற்றுகளில் அத்திறன் கிடைப்பதால், கியர் எதுவும் இல்லாமல் பெரிய மரப் புரொப்பெல்லரை நேரடியாக மெதுவாகச் சுழற்ற முடிந்தது.

தலைகீழ் அமைப்பால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் மேலே இருந்ததால் புரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்து நின்றது. சிலிண்டர்கள் கீழே இருந்ததால் விமானியின் பார்வைக்கு முன்னே மறைப்பு குறைந்தது. வேவு பார்க்கும் விமானத்துக்கு இரண்டும் தேவையானவை. தீமை, எண்ணெய் எப்போதும் சிலிண்டர் தலைப்பக்கம் வடிந்துகொண்டே இருப்பது. இதே எஞ்சின் மெஸர்ஷ்மிட் பிஎஃப் 108 டைஃபூன் என்ற வேகமான பயண விமானத்திலும் பொருத்தப்பட்டது. ஒரே எஞ்சின், அங்கே மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டவும் இங்கே 50 கிலோமீட்டரில் மிதக்கவும் பயன்பட்டிருக்கிறது.

இந்த எஞ்சினின் எல்லையை 1943 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் கிரான் சாஸோ மலையில் காண முடிந்தது. சிறைவைக்கப்பட்டிருந்த முசோலினியை ஏற்றிச் செல்ல ஹைன்ரிக் கெர்லாக் ஓட்டி வந்த ஷ்டோர்க்கில் ஜெர்மானிய அதிரடிப்படை அதிகாரி ஓட்டோ ஸ்கோர்ட்செனியும் பிடிவாதமாக ஏறிக்கொண்டார். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மிகையூட்டி (உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லாத எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இறக்கையும் எழுவதற்குக் கூடுதல் வேகம் கேட்கும். மூன்று பேருடன் அந்த விமானம் முறையாக மேலெழவில்லை. பாறைகள் நிறைந்த சரிவின் விளிம்பைத் தாண்டி, கீழே பள்ளத்தாக்கில் விழுந்து வேகம் பெற்ற பிறகே நிமிர்ந்தது. இச்சம்பவத்தை ஷ்டோர்க்கின் பெருமையாகச் சொல்வது வழக்கம். சுமையும் உயரமும் சேர்ந்தால் அதனிடம் மிச்சமாக எதுவும் இல்லை என்பதற்கான சான்றாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

போருக்குப் பிறகு ஷ்டோர்க்குக்கு என்ன ஆயிற்று?

பிரான்ஸில் மொரான்-ஸோல்னியே ஆலையில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதே ஷ்டோர்க் தயாரிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதே ஆலை அதை எம்எஸ் 500 கிரிக்கே என்ற பெயரில் பிரெஞ்சுப் படைகளுக்காகத் தொடர்ந்தது. ஆர்கஸ் நிறுவனம் போரோடு முடிந்துபோனதால் புதிய எஞ்சின் தேட வேண்டியிருந்தது. ரெனோ நிறுவனத்தின் தலைகீழ் ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது எம்எஸ் 501. சால்ம்ஸனின் ஒன்பது சிலிண்டர் ரேடியல் (சிலிண்டர்கள் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்த எஞ்சின்) பொருத்தப்பட்டது எம்எஸ் 502. பின்னர் ஜேக்கப்ஸ் ரேடியலும் சில விமானங்களில் இடம்பெற்றது. இந்தோசீனப் போரில் பரவலாகப் பயன்பட்டவை இந்தக் கிரிக்கேக்கள்தான். ரேடியல் எஞ்சினால் மூக்கு மழுங்கியது, முன்பார்வை குறைந்தது. ஆயினும் பராமரிப்பு எளிதாயிற்று. இன்று அருங்காட்சியகங்களிலும் வான்காட்சிகளிலும் ஜெர்மானிய வண்ணம் பூசி நிற்கும் ஷ்டோர்க்குகளில் பல, பிறப்பால் பிரெஞ்சுக் கிரிக்கேக்கள். மூக்கு உருண்டையாக இருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். செக்கோஸ்லோவாக்கியாவிலும் ம்ராஸ் ஆலை இதைக் கே-65 சாப் என்ற பெயரில் தயாரித்தது.

அமெரிக்காவில் ஷ்டோர்க்கைப் பார்த்துத் தூண்டப்பட்ட படைத்துறை, அதே பணிக்கு ஸ்டின்ஸன் எல்-1 விஜிலன்ட் விமானத்தை வாங்கியது. தானாக வெளிவரும் முன்விளிம்புப் பட்டையும், லைக்காமிங்கின் 295 குதிரைத்திறன் ரேடியலும் கொண்ட சிறந்த விமானம் அது. ஆனால் மிகக் குறைந்த விலையில் கிடைத்த பைப்பர் கப் போன்ற 65 குதிரைத்திறன் விமானங்களே அந்தப் பணியின் பெரும்பகுதியைச் செய்துவிட்டதால், விஜிலன்ட் 324 விமானங்களோடு நின்றது.

ஆன்டனோவ் ஷ்டோர்க்கைப் பிரதி எடுத்தாரா?

ஆம். ஜெர்மனியுடன் செய்த 1939 உடன்பாட்டுக்குப் பின் சோவியத் நாடு அந்நாட்டிடமிருந்து வாங்கிய விமானங்களில் ஷ்டோர்க்கும் ஒன்று. அதைப் பிரதி எடுக்கும் பொறுப்பு இளம் விமான வடிவமைப்பாளராக இருந்த ஒலெக் ஆன்டனோவிடம் வந்தது. ஆர்கஸுக்குப் பதிலாக, ரெனோ உரிமத்தில் சோவியத்தில் செய்யப்பட்ட எம்வி-6 எஞ்சினை அவர் பொருத்தினார். ஓகேஏ-38 என்ற அந்த விமானத்தின் உற்பத்தி லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் தொடங்கவிருந்த வேளையில், 1941-இல் ஜெர்மானியப் படையெடுப்பு அதை முடித்துவைத்தது.

பாடம் வீணாகவில்லை. 1947-இல் பறந்த ஏஎன்-2 இரட்டையடுக்கு விமானத்தின் மேல் இறக்கையில் தானாக வெளிவரும் பட்டை நீளம் முழுவதும் உண்டு. எடை 5 டன்னைத் தாண்டுவதால் அதை இங்கே சிறு விமானமாகச் சேர்க்க முடியாது. ஆனால் 1958-இல் பறந்த அவருடைய ஏஎன்-14, இரண்டு ஏஐ-14 எஞ்சின்களுடன், மீண்டும் சிறு விமானத்துக்கே திரும்பியது.

யாக்-12 எப்படி வில்காவாக மாறியது?

இந்த மரபில் எஞ்சின் ஆட்சி செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1947-இல் வந்த யாக்-12, ஐந்து சிலிண்டர் எம்-11எஃப்ஆர் ரேடியலுடன் 160 குதிரைத்திறன் மட்டுமே கொண்டிருந்தது. எம்-11 எஞ்சின் 1920-களில் பிறந்தது. எதையும் தாங்கும், ஆனால் வளர்வதற்கு அதில் இடமில்லை. 1950-களின் தொடக்கத்தில் உக்ரைனின் ஸப்போரிஷியாவில் இவ்சென்கோ குழு உருவாக்கிய ஒன்பது சிலிண்டர் ஏஐ-14ஆர் கிடைத்ததும், யாக்-12ஆர் புதிய விமானமாகவே ஆயிற்று. 10.16 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின் முதலில் 240-உம் பின்னர் 260-உம் குதிரைத்திறன் தந்தது.

போலந்து யாக்-12எம் வகையை உரிமம் பெற்று வார்சாவின் ஒகென்ட்சியே ஆலையில் தயாரித்தது. அதிலிருந்து 1958-இல் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் பிஇஸட்எல்-101 காவ்ரோன் வந்தது. அடுத்த கட்டமாக முற்றிலும் புதிதாக வரையப்பட்ட பிஇஸட்எல்-104 வில்கா 1962 ஏப்ரல் 24 அன்று பறந்தது. அதில் போலந்தின் சொந்த எஞ்சினை வைக்க வேண்டும் என்ற விருப்பத்தால், விக்டர் நர்கேவிச் வடிவமைத்த டபிள்யூஎன்-6 என்ற 180 குதிரைத்திறன் கிடைமட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. விமானம் எடை கூடியும் திறன் குறைந்தும் ஏமாற்றமளித்தது. உடலை மறுபடி வரைந்து எஞ்சினையும் 195 குதிரைத்திறனுக்கு உயர்த்திப் பார்த்தார்கள், போதவில்லை. 1965-இல் அதே பழைய ஏஐ-14ஆர் ரேடியலைப் பொருத்திய பிறகுதான் வில்கா நாம் அறிந்த வில்காவாக ஆயிற்று. வில்கா 35 என்ற வகை பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. எல்லா வகைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரத்துக்கு அருகில் வரும். இடையில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கான்டினென்டல் ஓ-470 கிடைமட்ட எஞ்சினுடன் கெலாட்டிக் என்ற பெயரில் சில பத்து விமானங்கள் செய்யப்பட்டன.

வில்காவின் இறக்கைக்குத் தாங்குகம்பி இல்லை. முன்விளிம்பில் நிலையான பட்டை உண்டு. சக்கரக்கால்கள் வெட்டுக்கிளியின் பின்கால்களைப் போல மடங்கி நிற்கின்றன. அழகுக்கு யாரும் பரிசு தர மாட்டார்கள். சறுக்கு விமானங்களை இழுத்துச் செல்லவும் பாராசூட் பயிற்சிக்கும் கிழக்கு ஐரோப்பிய மன்றங்கள் அதை ஓய்வில்லாமல் உழைக்க வைத்தன.

ஏஐ-14 எஞ்சினை மின்மோட்டார் இல்லாமல் எப்படிக் கிளப்புகிறார்கள்?

அழுத்தப்பட்ட காற்றினால். விமானத்தில் உள்ள ஒரு கலனிலிருந்து காற்று, எரிவரிசைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பப்பட்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் அதிலுள்ள சிறு காற்றழுத்தி கலனை மறுபடி நிரப்புகிறது. உருசியக் குளிரில் மின்கலம் செத்துப்போனாலும் காற்று வேலை செய்யும். ஆனால் கலன் கசிந்து காலியாகிவிட்டால் வெளியிலிருந்து காற்று கொண்டுவந்தாக வேண்டும். தொலைவான இடங்களுக்குச் செல்வோர் இதனால் ஒரு தனிக் காற்றுக் கலனையும் எடுத்துச் செல்வதுண்டு.

கனடாவின் பீவரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா?

இரத்த உறவு குறைவு, தொழில் உறவு முழுமை. டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் காட்டுப்பகுதி விமானிகளிடம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்து இதை வரைந்தது. முதல் பறப்பு 1947 ஆகஸ்ட் 16 அன்று டொராண்டோவின் டவுன்ஸ்வியூவில் நிகழ்ந்தது. ஓட்டியவர் ரஸ் பேனக். பீவரின் இறக்கையில் முன்விளிம்புப் பட்டையே இல்லை. ஃபிளாப்களும் அவற்றோடு சேர்ந்து தாழும் எய்லரான்களும் மட்டுமே உண்டு. பட்டையின்றி எப்படி முடிந்தது என்பதற்கு விடை அதன் மூக்கில் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனத்தின் ஜிப்ஸி குவீன் என்ற ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவதாகவே திட்டம். அது 330 குதிரைத்திறனை ஒட்டியது. சுமைக்குப் போதாது என்ற கவலை இருந்தது. அந்த நேரத்தில் கனடாவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் எஞ்சின்களைக் குறைந்த விலையில் தர முன்வந்தது. ஒன்பது சிலிண்டர்கள், 16.1 லிட்டர், 450 குதிரைத்திறன். இறக்கையை மேலும் சிக்கலாக்காமலே எழும் தூரம் சுருங்கிவிட்டது. 1929 முதல் ஏறத்தாழ 39,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட எஞ்சின் என்பதால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. 1967 வரை 1,600-க்கும் மேற்பட்ட பீவர்கள் செய்யப்பட்டன. அவற்றில் 900-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கப் படைத்துறை வாங்கியது.

எஞ்சினைச் சுற்றி விமானம் வரையப்பட்டதற்குச் சில சான்றுகள் உள்ளேயே உண்டு. எண்ணெய் ஊற்றும் வாய் விமானியறைக்குள் இருக்கிறது. பறந்துகொண்டே எண்ணெய் சேர்க்கலாம். எரிபொருள் தொட்டிகள் வயிற்றுப்பகுதியில் இருப்பதால், மிதவை பொருத்திய விமானத்தில் ஏணியில்லாமல் நின்றபடியே நிரப்ப முடிகிறது. பெட்ரோல் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவு அகலமானது.

மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லர் ஏன் முக்கியம்?

நின்ற நிலையிலும் குறைந்த வேகத்திலும், ஒரே திறனைக் கொண்டு நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் கிடைக்கும் இழுவிசை, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினால் கிடைப்பதைவிட அதிகம். ஆகவே விட்டம் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் விட்டம் பெருகும்போது இறகின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும். அங்கே திறன் வீணாகி இரைச்சலாக மாறும். பீவரின் புரொப்பெல்லர் விட்டம் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். எழும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,300 சுற்றுகளில் நேரடியாக அதைச் சுழற்றுகிறது. கணக்கிட்டால் நுனியின் வேகம் நொடிக்கு 312 மீட்டர். ஒலிவேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். ஏரியிலிருந்து பீவர் எழுவது பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்பதன் காரணம் இதுதான்.

இதைத் தவிர்க்கும் வழி கியர். ஏஐ-14ஆர் எஞ்சின் 2,350 சுற்றுகளில் ஓடினாலும் 0.787 என்ற கியர் விகிதத்தால் புரொப்பெல்லர் ஏறத்தாழ 1,850 சுற்றுகளில்தான் சுழல்கிறது. லைக்காமிங்கின் ஜிஓ-480 கிடைமட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் 3,400 சுற்றுகள் வரை ஓடி, கியரின் மூலம் புரொப்பெல்லரை 2,180-ஐ ஒட்டிச் சுழற்றுகிறது. சிறிய எஞ்சினை வேகமாக ஓட்டித் திறன் பெற்று, அதை மெதுவான புரொப்பெல்லரிடம் கொடுக்கும் இந்த முறை எடையைக் குறைத்தது. பராமரிப்பவரின் தலைவலியை அது கூட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இறங்கும்போது விசையை முழுவதும் குறைத்தால் காற்று புரொப்பெல்லரைச் சுழற்ற, புரொப்பெல்லர் எஞ்சினை இழுக்கத் தொடங்கும். கியர்ப் பற்கள் எதிர்ப்பக்கம் மோதித் தேயும். எனவே கியர் எஞ்சின் விமானிகள் தரையைத் தொடும்வரை சிறிது விசையை விட்டுவைக்கப் பழகியிருப்பார்கள்.

ஹீலியோ கூரியரில் தனிச்சிறப்பு என்ன?

எம்ஐடி பேராசிரியர் ஓட்டோ கோப்பனும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் லின் போலிங்கரும், சாதாரண மனிதர் அச்சமின்றி ஓட்டக்கூடிய விமானம் வேண்டும் என்று தொடங்கினார்கள். 1949 ஏப்ரலில் பறந்த முதல் மாதிரி, 85 குதிரைத்திறன் எஞ்சினுடன் மாற்றியமைக்கப்பட்ட ஒரு பைப்பர் வேகபாண்ட்தான். 1954-இல் 260 குதிரைத்திறன் ஜிஓ-435 எஞ்சினுடன் கூரியர் வந்தது. பின்னர் ஜிஓ-480 அதை 295-க்கு உயர்த்தியது. முன்விளிம்பு முழுவதும் தானாக வெளிவரும் பட்டைகள், பின்விளிம்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் ஃபிளாப், எய்லரான் சிறுத்துப்போனதை ஈடுகட்ட இறக்கையின் மேலே எழும் சிறு தடைத்தகடுகள் ஆகியவை சேர்ந்து, மணிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்திலும் கட்டுப்பாடு இழக்காத விமானத்தைத் தந்தன. பட்டைகள் உள்ளே போய்விடுவதால் பயண வேகம் ஷ்டோர்க்கைவிட மிக அதிகம். சாதாரண மனிதர் அதை வாங்கவில்லை. லாவோஸ் மலைகளில் சிஐஏ மறைமுகமாக நடத்திய ஏர் அமெரிக்கா விமான நிறுவனமும், காடுகளில் மறைப்பணி அமைப்புகளும் வாங்கின.

டோர்னியர் டிஓ 27, பிலாட்டஸ் போர்ட்டர் ஆகியவை எங்கே பொருந்துகின்றன?

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்ததால், டோர்னியர் குழு ஸ்பெயினில் 150 குதிரைத்திறன் டிக்ரே எஞ்சினுடன் டிஓ 25-ஐ உருவாக்கியது. தடை நீங்கிய பின் ஜிஓ-480 பொருத்தி டிஓ 27 ஆக 600-க்கும் மேல் தயாரித்தார்கள். போர்ட்டர் 1959 மே 4 அன்று 340 குதிரைத்திறன் ஜிஎஸ்ஓ-480 எஞ்சினுடன் பறந்தது. இது கியருடன் மிகையூட்டியும் கொண்டது. அடுத்த ஆண்டே நேபாளத்தின் தௌலகிரி மலையேற்றத்துக்காக அது சுமார் 5,700 மீட்டர் உயரத்தில் பனியில் இறங்கியது. கிரான் சாஸோவில் ஆர்கஸ் திணறிய உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இவற்றை ஒப்பிட ஓர் எளிய அளவு உண்டா?

உண்டு. முழு எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். ஷ்டோர்க்குக்கு 5.5 கிலோ, பீவருக்கு 5.1, ஹீலியோ எச்-295 வகைக்கு 5.2, வில்கா 35-க்கு 5 என்று வருகிறது. எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தாலோ, ஷ்டோர்க்குக்குச் சதுர மீட்டருக்கு 51 கிலோ, ஹீலியோவுக்கு 72, வில்காவுக்கு 84, பீவருக்கு 100 என்று இரு மடங்கு வரை சிதறுகிறது. வடிவமைப்பாளர்கள் இறக்கையில் பல வழிகளில் சென்றார்கள்; திறனில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தியாவில் இத்தகைய விமானம் உண்டா?

பெங்களூரு எச்ஏஎல் நிறுவனத்தில் வி. எம். கட்கே தலைமையில் உருவான கிருஷக் இதற்கு மிக அருகில் வருகிறது. 90 குதிரைத்திறன் புஷ்பக் பயிற்சி விமானத்தைப் பெரிதாக்கி, 225 குதிரைத்திறன் கான்டினென்டல் ஓ-470 எஞ்சின் பொருத்தி, 1959-இல் பறக்கவிட்டார்கள். பீரங்கிப் படைக்கு வானிலிருந்து குறி சொல்லும் பணியில் ஆஸ்டர் விமானங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. 68 விமானங்கள் செய்யப்பட்டன. 1970-களில் ஹெலிகாப்டர்கள் அதன் பணியை ஏற்றன. பீவரின் பெரிய உடன்பிறப்பான ஓட்டரையும் இந்திய விமானப்படை 1950-களின் இறுதியிலிருந்து பயன்படுத்தியது.

பழைய ரேடியல் எஞ்சினைக் கிளப்பும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது ஏன்?

நின்றிருக்கும் எஞ்சினில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் கசிந்து தேங்கும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அந்நிலையில் எஞ்சின் திடீரெனச் சுழன்றால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சுற்றும்போது தடை தெரிந்தால், வலிந்து தள்ளாமலும் பின்னோக்கிச் சுற்றாமலும், கீழ்ச் சிலிண்டரின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிப்பதே முறை. பின்னோக்கிச் சுற்றினால் எண்ணெய் உள்ளிழுப்புக் குழாய்க்குப் போய், எஞ்சின் கிளம்பியதும் மறுபடி சிலிண்டருக்கே வந்து அதே கேட்டை விளைவிக்கும். தலைகீழ் ஆர்கஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

டர்பைன் எஞ்சின் வந்ததும் இவை ஏன் முற்றிலும் மாறிவிடவில்லை?

சில மாறின. 1963-இன் கடைசி நாளில் பிடி6 டர்பைன் எஞ்சினுடன் டர்போ பீவர் பறந்தது. வாஸ்ப் ஜூனியர் 290 கிலோவுக்கும் மேல். பிடி6 அதில் பாதியும் இல்லை. எடைச் சமநிலைக்காக எஞ்சினை முன்னே தள்ள வேண்டியிருந்ததால் மூக்கு ஒல்லியாக நீண்டது. திறன் கூடியது, புரொப்பெல்லரை எதிர்த்திசையில் இயக்கி நிறுத்தவும் முடிந்தது. எரிபொருள் செலவும் விலையும் கூடியதால் 60 டர்போ பீவர்களோடு உற்பத்தி நின்றது. போர்ட்டரின் கதை வேறு: அது 1961-லேயே டர்பைனுக்கு மாறி, அந்த வடிவிலேயே அறுபது ஆண்டுக்காலம் உற்பத்தியில் நீடித்தது. உயரமான மலைப்பகுதியில் பணி செய்யும் விமானத்துக்கு டர்பைனின் விலை நியாயமாகிறது. ஏரிகளுக்கிடையே கடல்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் பீவருக்கு ஆகவில்லை.

இன்று ஷ்டோர்க்கைப் போன்ற ஒன்றைச் சிறிய அளவில் செய்ய முடியுமா?

செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நெஸ்டர் ஸ்லெப்செவ் வடிவமைத்த முக்கால் அளவு ஷ்டோர்க், ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுடன் பல நாடுகளில் பறக்கிறது. ரோட்டாக்ஸும் கியர் மூலமே புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அளவு எதுவாயினும் ஒரு குறை மாறாது. குறைந்த வேகத்தில் எழும் விமானத்துக்குப் பக்கக்காற்று, அதன் சொந்த வேகத்தோடு ஒப்பிடும்போது மிகப் பெரிது. வில்காவிலிருந்து உருவாக்கப்பட்டு, பிடி6 டர்பைன் பொருத்தப்பட்டு ‘டிரேக்கோ’ என்ற பெயரில் புகழ்பெற்ற அமெரிக்க விமானம், 2019 செப்டம்பரில் ரீனோ விமான நிலையத்தில் எழும்போது பலத்த பக்கக்காற்றில் சிக்கி நொறுங்கியது. அதில் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். எழுவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு நீளமான ஓடுபாதை அங்கே இருந்தது. ஆகவே, இத்தகைய விமானத்தை வாங்குவோர் எழும் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் கையேட்டில் பக்கக்காற்று எல்லையைப் பார்ப்பது நல்லது. பழைய ரகங்கள் பலவற்றில் அது வியக்கத்தக்க அளவு குறைவாகவே இருக்கும்.